முத்தும் மீஸானும்

புகழ் யாவும் வானத்தையும் பூமியையும் கடலையும் அளவோடு படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் வீடுகளில் ஸூரத்துர் ரஹ்மான் ஓதப்படாத நாள் அபூர்வம். ஆயினும் அதன் வரிசையை நின்று நிதானித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? கடலிலிருந்து முத்தும் பவளமும் வெளிப்படுவதை அந்த ஸூரா தன் நிஃமத்துகளின் பட்டியலில் சேர்த்துச் சொல்கிறது. முத்தைக் கேட்டதும் தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களாகிய நமக்கு உள்ளம் குளிர்கிறது. நம் பாட்டனாரின் தொழில் அன்றோ! ஆனால் முத்தைச் சொல்லுமுன்பே, அதே ஸூராவின் தொடக்கத்தில், வானத்தை உயர்த்திய ரப்பு ஒரு தராசையும் நாட்டியதாகவும், அந்த நிறுவையில் வரம்பு மீறக் கூடாதென்றும் எச்சரிக்கை வருகிறது. மீஸான் முன்னே, முத்து பின்னே. தராசை மறந்தவனுக்கு முத்தும் நிலைக்காது என்பதை நம் கடல் தன் வரலாற்றாலேயே நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. அந்தப் பாடத்தைத்தான் இந்த மாதம் நாம் சேர்ந்து படிக்கப் போகிறோம்.

தூத்துக்குடிக் கரையிலிருந்து பல மைல் தொலைவில், மன்னார் வளைகுடாவின் அடியில், மணற்பரப்புக்கு நடுநடுவே கல்லும் பாறையுமாகச் சில திட்டுகள் உண்டு. குளியாளிகள் அவற்றைப் ‘பார்’ என்பார்கள். தோலாயிரம் பார், குடமுத்துப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, கரையின் அடையாளங்களைக் கொண்டே இடம் கண்டுபிடித்தவர்கள் நம் முன்னோர். முத்துச் சிப்பி வாழ்வது அந்தப் பார்களில்தான். மணலில் அதனால் வாழ முடியாது. ஏனெனில், தன் உடலிலிருந்து சுரக்கும் நார்களால் கல்லைப் பற்றிக் கொண்டுதான் அது நிற்கும். கடல் எவ்வளவு அகலமாக இருந்தாலென்ன? சிப்பிக்குக் கல் இருக்குமளவே இடம்.

ஒரு தாய்ச் சிப்பி இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. அதிலிருந்து வெளிப்படும் குஞ்சு ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தின் போக்கில் மிதக்கிறது. அந்த மூன்று வாரத்தில் பெரும்பகுதி மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் இரையாகிவிடும். மிஞ்சியதில் பெரும்பகுதி, கல் கிடைக்காத இடத்தில் இறங்கி மடிந்துவிடும். கல் கண்டு ஒட்டியவற்றிலும் மூன்று நான்கு ஆண்டு வளர்ந்து, முத்து எடுக்கத்தக்க பருவத்தை அடைவது மிகச் சிலவே. ‘இத்தனை வீண் ஏன்?’ என்று ஒருவர் கேட்கலாம். வீண் அல்ல, சகோதரரே! போடப்பட்ட முட்டை அனைத்தும் சிப்பியானால் ஒரு சில தலைமுறைகளிலேயே கடலில் நீர் நிற்க இடமிராது. எந்தப் பொருளின் கருவூலமும் தன்னிடமே இருப்பதாகவும், தெரிந்த ஓர் அளவின்படியே அதை இறக்கி வைப்பதாகவும் ஸூரத்துல் ஹிஜ்ரில் அல்லாஹ் அறிவிக்கிறான். கருவூலத்துக்குக் குறைவில்லை, இறங்குவதற்கு அளவு உண்டு. இந்த இரண்டையும் சேர்த்து விளங்கியவனே ரிஸ்கை விளங்கியவன்.

இனி அந்தப் பாருக்குள் நடப்பதைப் பாருங்கள். சிப்பியைச் சுற்றி எதிரிகள் பலர். நட்சத்திர மீன் தன் கைகளால் சிப்பியைக் கவ்வி, இரு ஓடுகளையும் இழுத்துத் திறந்து தின்கிறது. கிளாத்தி மீன் உளி போன்ற பல்லால் ஓட்டை உடைக்கிறது. திருக்கை கூட்டமாக வந்து மேய்ந்து விட்டுப் போகிறது. சில வகை நத்தைகளும் சங்கினங்களும் ஓட்டைத் துளைத்தோ இடுக்கில் புகுந்தோ உள்ளிருக்கும் தசையைத் தின்கின்றன. கடற்பஞ்சில் ஒரு வகை ஓட்டையே அரித்துத் துளைத்து, பொருபொருவென்று ஆக்கிவிடுகிறது. இவை போதாதென்று, ‘சூரன்’ என்று குளியாளிகள் அழைக்கும் சிறு மட்டியொன்று பாரின் மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, சிப்பிக்கு மூச்சு முட்டச் செய்துவிடும். அது சிப்பியைத் தின்பதில்லை. சிப்பியின் இடத்தைத் தின்கிறது!

‘இந்தப் பகைவர்களையெல்லாம் ஒழித்துவிட்டால் முத்து பெருகாதா?’ என்று மனிதன் நினைக்கிறான். நினைக்கத்தான் செய்வான், அவசரத்தோடு படைக்கப்பட்டவன் அல்லவா? ஆனால் பார்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். 1902-இல் இலங்கைக்கு வந்து முத்துப் பார்களைச் சோதித்த பேராசிரியர் ஹெர்ட்மன், சிப்பிகள் அளவுக்கு மீறி நெருங்கிக் கிடக்கும் பாரில் அவற்றைக் கலைத்து, ஒரு பகுதியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமென்று யோசனை சொன்னார். காரணம், நெரிசலில் இரையும் இடமும் போதாமல் சிப்பிகள் ஒன்றையொன்று நசுக்கிக் கொள்கின்றன. அப்படியானால் அந்த நெரிசலைக் குறைக்கும் வாய்களை முற்றிலும் வீண் என்று யார் சொல்ல முடியும்?

பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆம் கற்பிக்கிறது. நாய்களும் ஒரு சமுதாயமாக இராவிட்டால் அவற்றைக் கொல்லுமாறு தாம் ஏவியிருக்கக்கூடும் என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிரந்தங்களில் வருகிறது. படைப்பில் ஒரு சமுதாயத்தை அடியோடு அழிப்பது தகாது என்பதே அதன் சாரம் என்று இமாம் கத்தாபீ போன்ற பெரியோர் விளக்கியிருக்கிறார்கள். தொல்லை தரும் ஒன்றைத் தடுப்பது வேறு. ஓர் இனத்தையே துடைத்தெறிவது வேறு. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புக் கூட்டத்தையே எரித்துவிட்ட நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்த வரலாறும் ஹதீஸில் இல்லையா?

எதிரிகளால் மட்டுமன்றி, காற்றாலும் நீராலும் அளவு வகுக்கப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் ‘பெரிய பார்’ என்று ஒன்று உண்டு. 1902 மார்ச் மாதம் அதன் மேல் எண்ணிலடங்காத இளஞ்சிப்பிகள் அப்பிக் கிடந்தன. கண்டவர்கள் கோடீசுவரர் ஆகிவிட்டதாகவே எண்ணியிருப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசி ஓய்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் போய்ப் பார்த்தபோது அத்தனையும் போன இடம் தெரியவில்லை! அந்தப் பாரில் அதற்கு முன்பும் இப்படிப் பலமுறை சிப்பி விளைந்து பலமுறை மறைந்ததுண்டு. பெயர் என்னவோ பெரிய பார்தான். சலாபத்துக்கு அது கை கொடுக்கவில்லை. பழங்கள் குலுங்கும் தோட்டத்தை இரவோடிரவாக இழந்தவர்களைப் பற்றி ஸூரத்துல் கலமில் ஓதுகிறோமே, அதை நினைத்துக் கொள்ளுங்கள். நாளை எடுப்போம் என்று எண்ணுகிற நாவில் இன்ஷா அல்லாஹ் இருக்க வேண்டியது இதனால்தான்.

இனி மனிதன் அந்தத் தராசில் கை வைத்த கதைக்கு வருவோம்.

1905-ஆம் ஆண்டு இலங்கைப் பக்கம் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த நாளின் இருபத்தைந்து இலட்சம்! அதைக் கண்ணால் கண்ட முதலாளிகள் மறு ஆண்டே, 1906-இல், ஒரு கம்பெனி அமைத்து இலங்கைப் பார்களை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார்கள். கடலுக்கடியில் இருபது ஆண்டுகளில் என்ன விளையுமென்று யாருக்குத் தெரியும்? 1907-உடன் சிப்பி நின்றது. அதன் பின் ஆண்டுக்கு ஆண்டு பார்வையிட்டும் பார் வெறுமையாகவே கிடந்தது. குத்தகைக் காலத்தில் பாதிகூட முடியுமுன் கம்பெனி கலைந்தது.

நம் ஷரீஅத்தின் நுட்பத்தை இங்கே கவனியுங்கள். குளியாளி ஒருவன் ஒரு முறை மூழ்கி எடுத்து வருவதை, அது இன்னதென்று தெரியாத நிலையில், முன்கூட்டியே விலை பேசி வாங்குவதை நபிகளார் (ஸல்) தடுத்ததாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி முஹத்திஸ்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். என்றாலும், கண்ணுக்குத் தெரியாத, கைக்கு எட்டாத பொருளை விற்பதும் வாங்குவதும் ‘கரர்’ என்பதும், அது கூடாதென்பதும் ஸஹீஹான ஹதீஸ்களால் உறுதிப்பட்ட பொதுவிதி. ஒரு முக்குளிப்பைக் கூட முன்விலை பேசாதே என்று கற்பிக்கும் மார்க்கம் எங்கே! இருபது ஆண்டுக் கடலை முன்விலை பேசிய கம்பெனி எங்கே!

நமது கரையிலும் சலாபம் நினைத்த ஆண்டில் நடந்ததில்லை. முதலில் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பி எடுத்து, அழுகவைத்துக் கழுவி, முத்தை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். இளஞ்சிப்பியாக இருந்தால் விட்டுவிடுவார்கள். 1928-க்குப் பின் தூத்துக்குடியில் இருபத்தேழு ஆண்டுகள் சலாபம் இல்லை. பின்னர் 1955 முதல் 1961 வரை அல்லாஹ் மீண்டும் வாரி வழங்கினான். யூஸுப் (அலை) அவர்கள் காலத்துச் செழிப்பான ஏழாண்டுகளை நினைவூட்டும் ஏழாண்டுகள்! ஆனால் அதன் பின் வந்த பஞ்சம் ஏழாண்டோடு நிற்கவில்லை. 1961-க்குப் பின் தூத்துக்குடியில் பெரும் முத்துச் சலாபம் நடைபெறவேயில்லை. இதற்கு ஒரே காரணத்தைச் சுட்டிக் காட்ட முடியாது. குஞ்சு வந்து ஒட்டாத ஆண்டுகள், பாரை மூடிய மணல், படர்ந்த சூரன், பெருகிய எதிரிகள், நம் கைகள் செய்த வினை என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தராசின் ஒரு தட்டில் பல கற்கள். எந்தக் கல்லால் தட்டு தாழ்ந்தது என்று சொல்வது எளிதல்ல.

ஒரு தட்டை அசைத்தால் மறு தட்டும் அசையும் என்பதற்கு இத்தாலி நாட்டிலிருந்து ஒரு சான்று சொல்லுவேன். முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே அத்ரியாத்திக் கடலில் மீன்பிடிப்பு பெரிதும் குறைந்தது. மீன்கள் நிம்மதியாகப் பெருகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஆனால் அந்த ஆண்டுகளின் மீன்சந்தைக் கணக்கை ஆராய்ந்த டாங்கோனா என்பவர், சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருப்பதைக் கண்டார். அவருடைய மாமனார் வோல்ட்டெரா கணித மேதை. அவர் 1926-இல் அதற்குக் கணக்கு வழியாகவே விளக்கம் தந்தார். இரை பெருகினால் தின்பவை பெருகும். தின்பவை பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் தின்பவையும் பட்டினியால் குறையும். மறுபடி இரை பெருகும். மனிதன் மட்டாகப் பிடிக்கும்போது வேட்டை மீன்களும் குறைவதால் சிறு மீன்களுக்கு இளைப்பாற இடம் கிடைக்கிறது. மட்டு மீறிப் பிடித்தாலோ இரண்டும் அழிகின்றன. எனவே, எடுக்கவே கூடாதென்பது மீஸான் அல்ல. கண்டபடி எடு என்பதும் மீஸான் அல்ல. கடல் வேட்டையை அல்லாஹ் நமக்கு ஹலாலாக்கினான். ஹலாலுக்கும் ஒரு வரம்பு வைத்தான்.

அந்த வரம்புக்கு ஒரு சோதனையும் வைத்தான். கடலோரத்து ஊரொன்றில் வாழ்ந்த யஹூதிகளின் வரலாறு ஸூரத்துல் அஃராபில் இருக்கிறது. சனிக்கிழமை மீன் பிடிப்பது அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. சோதனை எப்படியென்றால், அந்த ஒரு நாள்தான் மீன்கள் தலை தூக்கி வரும். மற்ற நாட்களில் வராது! அவர்களில் ஒரு கூட்டத்தார், வெள்ளியன்றே வலை விரித்து ஞாயிறன்று எடுத்தால் குற்றமில்லை என்று தந்திரம் செய்ததாக முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். இன்னொரு கூட்டத்தார் தடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்தார், ‘இவர்களுக்குச் சொல்லி என்ன பயன்?’ என்று ஒதுங்கிக் கொண்டார்கள். தடுத்தவர்கள் ஈடேற்றம் பெற்றதையும், வரம்பு மீறியவர்கள் தண்டனைக்குள்ளானதையும் இறைமறை தெளிவாகச் சொல்கிறது.

தமிழகத்தின் கிழக்குக் கடலில் 2001 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருந்தது. 2017 முதல் அது 61 நாட்களாக, ஜூன் 14 வரை, நீட்டப்பட்டது. மீன்கள் சினைவைத்துப் பெருகட்டும் என்பதே நோக்கம். சனிக்கிழமைச் சட்டமும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அது ஒரு சமுதாயத்துக்கு வந்த வஹீ. இது மனிதர் வகுத்த ஏற்பாடு. ஆனால் ‘கண்ணெதிரே மீன் துள்ளுகிறது, கையைக் கட்டிக் கொண்டிரு’ என்கிற சோதனை ஒன்றேதான். தடைக்காலத்தில் தந்திரமாகப் பிடித்த மீனைப் பாதி விலைக்கு வாங்கிக் குழம்பு வைக்கிற நம் வீடு மூன்று கூட்டத்தில் எந்தக் கூட்டம்? உம்மாமார்கள் அடுப்படியில் நின்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இதைச் சொல்லும்போதே இன்னொரு உண்மையையும் மறைக்கலாகாது. அறுபத்தொரு நாள் படகு கட்டிக் கிடந்தால் அன்றாடங்காய்ச்சிகளின் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அரசு நிவாரணம் தருகிறது. அது போதாத வீடுகளும் உண்டு. பசித்தவனிடம் வரம்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. முத்துக்கும் பவளத்துக்குமென்று ஷாஃபிஈ மத்ஹபில் தனி ஜகாத் இல்லை. ஆனால் வியாபாரச் சரக்காக வைத்திருப்பவர், ஆண்டு நிறைந்து நிஸாபை எட்டினால், அதன் மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தே ஆகவேண்டும். அந்தப் பங்கைக் கடலை நம்பிப் படகு கட்டிக் கிடக்கும் ஏழையின் வாசலுக்குத் தடைக்காலத்தில் கொண்டு போய்ச் சேருங்கள். வரம்பைக் காக்கும்படி அவனுக்கு நாம் செய்யும் உபதேசம் அப்போதுதான் நாவோடு நிற்காமல் நெஞ்சில் இறங்கும்.

சிலர் கேட்பார்கள்: ‘ரிஸ்கைத் தருபவன் அல்லாஹ். கடலில் குறைந்தால் அவன் மீண்டும் தருவான். நாம் ஏன் அளவு பார்க்க வேண்டும்?’ இதைத் தவக்குல் என்று நினைப்பவர், ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு நம்புவதா, கட்டிவிட்டு நம்புவதா என்று வினவியவரிடம், கட்டிய பின்னரே நம்பும்படி பெருமானார் (ஸல்) சொன்னதை மறந்தவர். ஓடும் ஆற்றோரம் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பித்த நபியின் உம்மத்து நாம். ஆறு வற்றிவிடுமென்ற அச்சத்தால் வந்த கட்டளையா அது? இல்லை, எவ்வளவு இருந்தாலும் தேவைக்கு மேல் கை நீட்டாத பண்பை அடியானிடம் வளர்க்க வந்தது.

சங்கு குளிப்பில் நம் கரையில் நல்லதொரு வழக்கம் இருந்தது. எடுத்து வந்த சங்கை, துளையிட்ட அளவுகோலில் வைத்துப் பார்ப்பார்கள். துளைக்குள் நுழைந்து விழுந்தால் அது சிறு சங்கு. உயிரோடு கடலுக்கே திருப்பி விடவேண்டும். துளையில் தங்கினால்தான் கணக்கில் சேரும். அந்த ஓட்டை, மீஸானின் ஒரு சிறு துண்டு! எடுத்ததைத் திருப்பி விடுகிற கையில்தான் பரக்கத் இருக்கிறது.

முயற்சிக்கும் இதில் இடமுண்டு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் நம் கடற்சிப்பியைக் கொண்டே வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைக் குஞ்சகத்திலேயே பொரிக்கச் செய்தார்கள். பின்னர் அக்குஞ்சுகளைப் பார்களில் விட்டும் பார்த்தார்கள். அறிவைக் கொண்டு முயன்றதற்கு நாம் மரியாதை செய்ய வேண்டும். என்றாலும் பழைய சலாபம் திரும்பவில்லை. குஞ்சை மனிதன் பொரிக்கலாம். பாரையும், நீரோட்டத்தையும், அதைச் சூழ்ந்த ஆயிரம் உயிர்களின் உறவையும் ஒரு தொட்டிக்குள் அடக்க முடியுமா?

அந்த உறவுகளை நாம் உடைத்த இடத்தையும் சொல்லி முடிக்கிறேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக அந்தப் பாறையைப் பல்லாண்டு வெட்டி எடுத்தோம். 1986-இல் அது கடல்வாழ் தேசியப் பூங்காவானது. 2001-இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்த பின்னரே, கரைக்கு அரணாக நின்றது எது என்று பலர் உணர்ந்தார்கள். வெட்டும் தொழிலும் ஓய்ந்தது. அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிப் போயின. மனிதக் கரங்கள் சம்பாதித்ததன் விளைவாகத் தரையிலும் கடலிலும் குழப்பம் தோன்றியதாக ஸூரத்துர் ரூம் எச்சரிக்கிறது. ‘கடலிலும்’ என்ற அந்தச் சொல்லை நம் கரையில் வாழ்கிறவர்கள் ஓதும்போது குரல் சற்றுத் தழுதழுக்க வேண்டாமா? அந்த எச்சரிக்கை, அவர்கள் மீளக் கூடும் என்ற நம்பிக்கையோடு முடிகிறது என்பதையும் மறவாதீர்கள். மீள்வதற்கு வாசல் திறந்தே இருக்கிறது.

அன்பர்களே! வீட்டில் செய்யத்தக்கவை சிலவே. குஞ்சு மீனையும் சினை மீனையும் விலை மலிவென்று வாங்காதீர்கள். தடைக்காலத்தில் தந்திரமாக வந்ததைத் திருப்பி அனுப்புங்கள். வலைக்கண்ணைச் சுருக்கி இலாபம் பார்க்கிற பங்காளியிடம், ஒதுங்கி நிற்கும் மூன்றாவது கூட்டமாக இராமல், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். உண்டு மிஞ்சிய சோற்றை எறியாதீர்கள். நிறுத்துக் கொடுக்கும் தராசில் எவ்வளவு பயபக்தி வேண்டுமோ, அவ்வளவு பயபக்தி கடலில் எடுக்கும்போதும் வேண்டும். இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகளே.

யா அல்லாஹ்! நீ அளவோடு தந்ததை நாங்கள் அளவோடு எடுக்க அருள் புரிவாயாக! எங்கள் கடலுக்கும் கடலை நம்பிய ஏழைகளுக்கும் பரக்கத் செய்வாயாக! வெறுமையாய்க் கிடக்கும் பார்களை நீ நாடினால் மீண்டும் நிரப்புவாயாக! அப்போது அதை எங்கள் பேரப்பிள்ளைகள் உன் மீஸானை மறவாத கைகளால் எடுக்கச் செய்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.